கில்லார்னி: கன்றில்லாத காடு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

அயர்லாந்து என்னும் நாட்டை நான் முதன்முதலில் சந்தித்தது பாடப்புத்தகத்தில். ‘ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்’ என்ற பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதுவதற்கே ஒரு வாரம் பிடித்த முதலாமாண்டு நாட்கள் அவை. பூஞ்சையைப் போலத் தோன்றினும் பூஞ்சையாகாத அந்த நுண்ணுயிர், 1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளைக் கருக்கியது. பஞ்சம் 1852 வரை நீடித்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர்; அதே அளவினர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். இதனை நான் ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்தேனேயன்றி, அங்கே ஒரு நாடும், நாட்டில் ஊர்களும், ஊர்களில் மனிதரும் இருப்பதாக நினைத்துப் பார்த்தவளல்லள்.

நினைக்க வைத்தவர் என் பெரியப்பா மகன். மதுரையில் சமையற்கலைச் சான்றிதழ்ப் படிப்பு முடித்து, வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் அடுப்படியில் நின்று, இப்பொழுது அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்திலுள்ள கில்லார்னி என்னும் சிற்றூரில் ஓர் உணவு விடுதியில் சமையற்காரராக இருக்கிறார். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் அண்ணன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். நீல ஏரி, அதன் பின்னே மலை, மலைச்சரிவு முழுவதும் ஊதா நிறப் பூக்கள். “பாப்பா, நீ பூவைப் பத்திப் படிக்கிறவதானே, இதப் பாரு!” என்று எழுதியிருந்தார். அழகில் மயங்கி, மறுநாள் அப்படத்தை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “அது பூ இல்லையம்மா, அந்தக் காட்டுக்கு வந்திருக்கிற நோய்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை. நான் கில்லார்னிக்குச் சென்றதில்லை. ஆகவே இதனைப் பயணக் கட்டுரை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அண்ணனுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அங்கே காலை பத்து மணிக்குக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பார். இங்கே பிற்பகல் இரண்டரை மணிக்கு வேப்ப மரத்தடியில் அமர்ந்து நான் உடன் நடப்பேன். விட்ட இடத்தை நூலகத்தில் நிரப்பிக்கொள்வேன். அவ்வழியே உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

ஊர்

கில்லார்னியில் வாழ்வோர் ஏறத்தாழ 14,000 பேர். வந்து போவோரின் எண்ணிக்கையோ இதைப் பல மடங்கு மிஞ்சும். இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று இது. 1750-களிலேயே நிலவுடைமையாளரான கென்மேர் பிரபு, ஏரிகளைக் காண வரும் செல்வரை ஈர்ப்பதற்காகச் சாலைகளும் விடுதிகளும் அமைத்து ஊரை வளர்த்தார். 1853-இல் இரயில் வந்தது. அடுத்த ஆண்டே நிலையத்தின் அருகில் பெரியதொரு விடுதி எழுந்தது. விளைச்சலை நம்பி எழுந்த ஊர்கள் உண்டு, துறைமுகத்தை நம்பி எழுந்த ஊர்கள் உண்டு. காட்சியை நம்பி எழுந்த ஊர் இது. அண்ணன் வேலை பார்க்கும் சமையலறையும் அந்த ஏரிகள் போட்ட சோறுதான் என்று சொன்னால் தவறாகாது.

கடைத்தெருவில் வீடுகளின் முகப்புகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்ற வண்ணங்கள். ‘ஜான்ட்டிங் கார்’ எனப்படும் குதிரை வண்டிகள் சாலையோரத்தில் வரிசையாக நிற்கின்றன. வண்டிக்காரரை ‘ஜார்வி’ என்கிறார்கள். அவர்கள் வண்டி ஓட்டுவதோடு கதையும் சொல்லுவர். கதைக்குத் தனிக் கட்டணம் இல்லை. 2023-ஆம் ஆண்டு முதல் இவ்வூர்க் கடைகள் ஒன்றுசேர்ந்து, காப்பியை ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளைகளில் தருவதை நிறுத்திவிட்டன. அயர்லாந்தில் இதைச் செய்த முதல் ஊர் இதுவே. எங்கள் கல்லூரி வாயிலில் தேநீர்க் கடையைச் சுற்றிக் கிடக்கும் காகிதக் குவளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஊரின் மேற்கே புனித மரியாள் பேராலயம் நிற்கிறது. பியூஜின் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தது. 1842-இல் வேலை தொடங்கியது. பஞ்சம் வந்து 1848-இல் நின்றது. கூரையேறாத அக்கட்டடமே பட்டினியால் வாடியோருக்குப் புகலிடமாயிற்று. 1853-இல் வேலை மீண்டும் தொடங்கி, 1855-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. புல்வெளியில் வானளாவ நிற்கும் ஒரு செம்மரத்தை அண்ணன் காட்டினார். நம் நாட்டுச் செம்மரம் அன்று, அமெரிக்காவின் ‘ரெட்வுட்’. பஞ்சத்தில் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடத்தின் அடையாளமாக அது நடப்பட்டதாம். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. என்னுடைய ஐந்து மதிப்பெண் வினா அந்த மரத்தடியில் இருந்தது.

போக எண்ணுவோர்க்கு இரண்டொரு செய்தி. தலைநகர் டப்ளினிலிருந்து இரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அருகிலேயே கெர்ரி விமான நிலையமும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணமில்லை. மாளிகையைப் பார்க்க மட்டும் சீட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு மிதிவண்டி கிடைக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மழைச் சட்டையை மறந்துவிட்டுப் போகாதீர்கள். ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் அங்கே மழை.

மாளிகையும் மடமும்

ஊரைத் தாண்டிய உடனேயே பூங்கா தொடங்கிவிடுகிறது. மூன்று ஏரிகள்: லாக் லீன் என்னும் கீழேரி, மக்ராஸ் என்னும் நடுவேரி, மேலேரி. மூன்றும் சந்திக்கும் இடத்தை ‘நீர்க் கூடல்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். லாக் லீன் என்ற பெயருக்குக் ‘கல்வி ஏரி’ என்று பொருள் சொல்லுவர். அதிலுள்ள இன்னிஸ்ஃபாலன் என்னும் தீவில் ஏழாம் நூற்றாண்டில் ஒரு துறவிமடம் தோன்றியது. அங்குள்ள துறவியர் இலத்தீனிலும் ஐரிஷ் மொழியிலும் எழுதிய ஆண்டுக்குறிப்பு ஏடு அயர்லாந்தின் பழைய வரலாற்றுக்குச் சிறந்த ஆதாரம். ஏடு இன்று ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது. தீவில் சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

கரையிலேயே மக்ராஸ் மடம் என்ற மற்றொன்றும் உண்டு. 1448-இல் பிரான்சிஸ்கன் துறவியருக்காக எழுப்பப்பட்டது. அதன் முற்றத்தின் நடுவே ஒரு யூ மரம் கூரைக்கு மேலே எழுந்து கிளை பரப்பி நிற்கிறது. மடத்தின் வயதே மரத்தின் வயதும் என்பர்.

அதன் தெற்கே மக்ராஸ் மாளிகை. அறுபத்தைந்து அறைகள். ஹெர்பெர்ட் குடும்பத்தினர் கட்டி 1843-இல் முடித்தனர். ஆண்டைக் கவனியுங்கள், இரண்டே ஆண்டுகளில் பஞ்சம். 1861-இல் விக்டோரியா மகாராணி இரண்டு இரவுகள் இங்கே தங்கினார். அவருடைய தோழிப் பெண்கள் மலைப்பாதையில் ஓரிடத்தில் நின்று ஏரிகளைக் கண்டு வியந்தமையால் அவ்விடம் இன்றும் ‘சீமாட்டியர் காட்சி’ என்றே வழங்குகிறது. மகாராணியின் வருகைக்காகச் செய்த பெருஞ்செலவு ஹெர்பெர்ட் குடும்பத்தின் கடனுக்கு ஒரு காரணம் என்பர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மாளிகை கைமாறிவிட்டது.

1911-இல் வில்லியம் போவர்ஸ் போர்ன் என்னும் கலிபோர்னியத் தங்கச் சுரங்க அதிபர், தம் மகள் மாடுக்குத் திருமணப் பரிசாக இதனை வாங்கினார். மாடு 1929-இல் இறந்துபோனார். மகளின் நினைவாகப் பெற்றோரும் மருமகன் ஆர்தர் வின்சென்ட்டும் மாளிகையையும் 10,700 ஏக்கர் நிலத்தையும் 1932-இல் அயர்லாந்து நாட்டுக்கு அளித்தனர். அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அவ்வாறு பிறந்தது. பின்னர் அக்கம்பக்க நிலங்களும் சேர்ந்து, இன்று 10,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. 1981-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

மாளிகையின் தோட்டத்தைப் பற்றியும் அருவியைப் பற்றியும் எழுதப் புகுந்தால் ஆண்டுமலர் ஆசிரியர் சினங்கொள்வார். டார்க் அருவி ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதன்று. நான் சொல்ல வந்தது காட்டைப் பற்றி.

இரு பாறை, இரு காடு

இந்த ஏரிகளின் அடியில் இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கின்றன. தெற்கிலும் மேற்கிலும் செந்நிற மணற்பாறை. வடகிழக்கில் சுண்ணாம்புப் பாறை. மணற்பாறையின் மேலுள்ள மண் அமிலத்தன்மை உடையது. அங்கே ஓக் மரக்காடு. சுண்ணாம்புப் பாறையின் மேல் யூ மரக்காடு. ரீனாடின்னா என்னும் அந்த யூ காடு ஏறத்தாழ 25 ஹெக்டேர்தான். ஆனால் யூ மரமே காடாக நிற்கும் இடங்கள் ஐரோப்பாவில் மிகச் சில. உள்ளே நண்பகலிலும் மங்கல் வெளிச்சம். மண் என்று சொல்ல ஏதுமில்லை. பாறை, பாறை மேல் பாசி, பாசியைப் பிளந்துகொண்டு வேர்.

ஓக் காடோ வேறொரு வகை. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றும் ஓயாத மழையும் சேர்ந்து அதனை வளர்க்கின்றன. குளிர்காலத்தில்கூடக் கடுங்குளிர் இல்லை. மேலே ஓக், அதன் கீழே ஹோலி என்னும் முள்ளிலை மரம், அதற்கும் கீழே சிறு புதர்கள், பெரணிகள், பாசிகள். நம் ஆய்வகத்தில் ரிக்சியாவையும் மார்க்கான்ஷியாவையும் கண்ணாடித் தட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு வாழவைக்கிறோம். அங்கே ஒரே மரத்தின் அடிமரம் முதல் உச்சி வரை பிரயோஃபைட்டுகள் சட்டை போட்டதுபோல் மூடியிருக்கின்றன. அண்ணன் ஒரு மரத்தருகே கைப்பேசியைக் கொண்டுசென்றபோது நான் கத்திவிட்டேன். அவர் பாம்பைக் கண்டுவிட்டேனோ என்று பயந்து பின்வாங்கினார். (அயர்லாந்தில் பாம்பே கிடையாது என்பது அவருக்கும் மறந்துபோயிற்று.)

கில்லார்னிப் பெரணி என்று ஊர்ப்பெயரையே தாங்கிய செடியொன்று உண்டு. ஒளி ஊடுருவும் மெல்லிய இலை. அருவிச் சாரலிலும் குகை வாயிலிலும் மட்டுமே பிழைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரணி வளர்ப்பது இங்கிலாந்துச் செல்வர்களிடையே பெரும் மோகமாக இருந்தபொழுது, இதனைத் தோண்டியெடுத்து வருவோர் போவோருக்கு விற்று, ஏறத்தாழ அழித்தேவிட்டனர். பார்க்க வந்தவர்கள் பார்த்ததோடு நில்லாமல் எடுத்துக்கொண்டும் போனார்கள்.

ஏரிக்கரைகளில் ஆர்பூட்டஸ் என்னும் மரம் வளர்கிறது. இது மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய மரம். பக்கத்திலுள்ள பிரிட்டனில் இயற்கையாக இல்லாமல் அயர்லாந்தில் மட்டும் எவ்வாறு வந்தது என்பது தாவரவியலாரிடையே நெடுநாள் விவாதம். இதன் கனி முதிர ஓராண்டு ஆகும். ஆகவே இவ்வாண்டுப் பூவும் சென்ற ஆண்டுக் கனியும் ஒரே கிளையில் ஒரே நேரத்தில் காணப்படும். சிவந்த கனி ஸ்ட்ராபெரி போலிருக்கும். ‘அனிடோ’ என்ற அதன் சிற்றினப் பெயருக்கு ‘ஒன்றே ஒன்று தின்பேன்’ என்று பொருள் கூறுவர். அண்ணன் ஒன்றைத் தின்று பார்த்தார், இரண்டாவதைத் தொடவில்லை.

இந்த ஆர்பூட்டஸ், எரிக்கேசியே குடும்பம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அந்த ஊதாப் பூவும் அதே குடும்பந்தான்.

ஊதாப் பூ

அதன் பெயர் ரோடோடென்ட்ரான் பான்டிகம். கருங்கடல் கரையும் ஸ்பெயின், போர்த்துகல் பகுதிகளும் இதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கில்லார்னியின் நிலப்பிரபுக்கள் அழகுக்காகவும், வேட்டைப் பறவைகள் பதுங்குவதற்காகவும் இதனை நட்டனர். மழையும் அமில மண்ணும் அதற்குத் தாய்வீடு போல் வாய்த்தன. பூங்காவிலுள்ள ஓக் காடுகளின் பெரும்பகுதிக்குள் அது புகுந்துவிட்டது.

எவ்வாறு புகுந்தது? நன்கு வளர்ந்த ஒரு புதர் ஆண்டுக்குப் பத்து லட்சம் விதைகள் வரை உதிர்க்கும். விதைகள் தூசியைப் போன்றவை, காற்று எடுத்துச்செல்லும். ஈரமான பாசிப் படுகையே அவற்றுக்கு நாற்றங்கால். பிரயோஃபைட்டுகளைக் கண்டு நான் கத்தினேனே, அந்தப் பாசிமெத்தையே பகைவனுக்குத் தொட்டிலாகிறது! கிளை மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விடும். நாம் மல்லிகைக்குப் பதியம் போடுகிறோம், அது தனக்குத்தானே போட்டுக்கொள்கிறது. இலைகளில் நச்சுப்பொருள் இருப்பதால் ஆடும் மானும் அதைத் தின்பதில்லை. ஆண்டு முழுவதும் இலையுதிராது. ஆகவே அதன் அடியில் எந்நாளும் இருட்டு.

அந்த இருட்டில்தான் செய்தி இருக்கிறது. மேலே நிற்கும் ஓக் மரத்தை அப்புதர் ஒன்றும் செய்வதில்லை. இருநூறு ஆண்டு மரம் அதன் தலைக்கு மேலே நின்றுகொண்டுதான் இருக்கும், ஏப்ரலில் துளிர்க்கும், இலையுதிர் காலத்தில் கொட்டையும் உதிர்க்கும். உதிர்ந்த கொட்டை முளைக்க வெளிச்சமில்லை. முளைத்தாலும் வளர வெளிச்சமில்லை. தப்பித் தவறி வெளியிடத்தில் முளைத்த கன்றை மான் தின்றுவிடுகிறது. தாத்தாக்களும் பாட்டிகளும் மட்டும் வாழும் ஊர் போன்றது அந்தக் காடு. சாலையில் போகும் பயணிக்கு அது பச்சைப்பசேலென்று தெரியும். ஜூன் மாதத்தில் ஊதாவாகவும் தெரியும். காடு செத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. ஏனெனில் மரங்கள் இன்னும் சாகவில்லை, பிறப்புதான் நின்றுபோயிருக்கிறது.

எங்கள் பேராசிரியர் சொன்னதன் பொருள் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

மான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே இருவகை. செம்மான் கூட்டம் பழமையானது. 1970 வாக்கில் நூற்றுக்கும் குறைவாகத் தேய்ந்து, பாதுகாப்புக்குப் பின் பெருகியது. மற்றொன்று ஜப்பானிலிருந்து வந்த சிகா மான். 1865-இல் இங்கே விடப்பட்டது. இரண்டுமே கன்றுகளைத் தின்னும். செம்மானை நாட்டின் சொந்த மான் என்று போற்றுகின்றனர். ஆனால் 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இவை சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரால் கொண்டுவரப்பட்ட மான்களின் வழிவந்தவை என்கிறது. ஐயாயிரம் ஆண்டு இருந்தால் உள்ளூர், நூற்றைம்பது ஆண்டு இருந்தால் அயலூர் என்றுதானே இதற்குப் பொருள்? இன்னொரு விந்தையும் உண்டு. பனியுகங்களுக்கு இடைப்பட்ட பழைய வெப்பக் காலமொன்றில், இதே ரோடோடென்ட்ரான் அயர்லாந்தில் வளர்ந்திருக்கிறது; மண்ணில் அதன் தடயங்கள் கிடைத்துள்ளன. அப்படியானால் அது அயலானா, திரும்பி வந்தவனா? வகுப்பில் இதனை நான் கேட்டபொழுது நல்ல சர்ச்சை நடந்தது. நீலகிரியில் சோலைக்காட்டு ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் இதே ரோடோடென்ட்ரான் பேரினந்தான். அது அங்கே யாருக்கும் இடையூறில்லை என்று ஒரு தோழி வாதாடினாள். என் கட்சி இது: பெயரையும் பிறந்த இடத்தையும் கேட்க வேண்டியதில்லை. அதன் அடியில் ஓக் கன்று முளைக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

பூங்காவினர் சும்மா இருக்கவில்லை. 1980-களில் தொடங்கித் தொண்டர்கள் கோடைதோறும் முகாமிட்டு, கையால் வெட்டியும் பிடுங்கியும் காட்டின் கணிசமான பகுதியைத் துப்புரவு செய்தனர். வெட்டினால் போதாது, தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதற்காக வெட்டுவாயில் களைக்கொல்லி இடுகின்றனர். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கொருமுறை திரும்பி வந்து புதிய நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நாற்றுகள் பூத்துவிடும். பழைய கதை தொடங்கிவிடும். சில இடங்களில் மான் புகாமல் வேலியும் அடைத்திருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் பெருந்தீயொன்று பூங்காவில் 2,500 ஹெக்டேருக்கும் மேல் எரித்துவிட்டது. நல்ல செய்தியும் உண்டு: நூறாண்டுக்கு மேலாக அயர்லாந்தில் அற்றுப்போயிருந்த வெண்வால் கழுகை நார்வேயிலிருந்து கொண்டுவந்து 2007 முதல் இங்கே விட்டார்கள், அவை கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருக்கின்றன.

ஒரு நாள் அண்ணன் இவ்வாறு துப்புரவு செய்த ஒரு சரிவைக் காட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய தண்டுகள் அடுக்கிக் கிடந்தன. அப்பா அப்பொழுதுதான் மூட்டத்திலிருந்து வந்து, கை கழுவாமலே என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எங்கள் அப்பா கரிமூட்டம் போடுபவர். கண்மாய்க்கரையிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேலம் வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, நாட்கணக்கில் புகையைக் காவல் காத்து, கரியாக்கி விற்பதே எங்கள் பிழைப்பு. அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை.

“யாருய்யா வெட்டுனது? அந்தா அந்தத் தூரை விட்டுட்டுப் போயிருக்கான் பாரு. அடுத்த மழைக்கு எந்திரிச்சு நிக்கும்” என்றார்.

அண்ணன் கைப்பேசியை அருகே கொண்டுபோனார். அவர் சுட்டிய தூரில் விரல் நீளத்துக்குப் பச்சைத் துளிர் எழுந்திருந்தது. நான் மூன்று வாரம் படித்துப் புரிந்துகொண்டதை அப்பா ஒரு பார்வையில் கண்டுவிட்டார். பிறகு அவர் கேட்டது: “இதுல மூட்டம் போட்டா கரி நல்லா வருமாடா?” அண்ணனும் நானும் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சென்ற பருவத் தேர்வில், ‘அயல் தாவரங்களால் விளையும் தீமைகள்’ என்ற வினாவுக்குச் சீமைக்கருவேலத்தை எடுத்துக்காட்டாக்கி, அதனை முற்றாக அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. எழுதியது பொய்யன்று, எங்கள் கண்மாய்க்குள்ளேயே அது காடாக நிற்பதைக் கண்ணால் பார்ப்பவள் நான். ஆனால் அந்தத் தேர்வுக்குக் கட்டணம் கட்டியது அந்த மரத்தின் கரி. கில்லார்னியில் ஊதாப் பூ பூத்தால்தான் இன்ன வீட்டில் உலை கொதிக்கும் என்பதில்லை. அதனால் அங்கே வினா எளிது, வேலைதான் கடினம். எங்கள் ஊரில் வினாவே கடினம். வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அப்பா சொன்னார்: “வெட்டுனா நானும்தான் வெட்டுவேன். தூரோட எடுக்கத் தெரிஞ்சவன் நான். எடுத்த எடத்துல என்ன வைக்கப்போறீக, அதுக்கு எனக்கு என்ன குடுக்கப்போறீக, அதச் சொல்லுங்க மொதல்ல.” என் விடைத்தாளில் அந்தப் பகுதி இல்லை. தாவரவியல் துறை நண்பர்களும் பொருளியல் துறை நண்பர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் எழுதலாம் என்று தோன்றுகிறது.

சென்ற வாரம் அண்ணனிடமிருந்து மற்றொரு படம் வந்தது. இம்முறை ஏரியுமில்லை, மலையுமில்லை. மான்வேலிக்கு உட்புறம், வேலிக் கம்பி வழியாக எடுத்தது. பழுப்புச் சருகுகளின் நடுவே, முழங்கால் உயரத்தில், ஐந்தாறு இலைகளோடு ஒரு கன்று. “பாப்பா, நீ சொன்னது இதுவா பாரு” என்று கேட்டிருந்தார். இலையோரம் வளைந்து வளைந்து இருப்பதால் ஓக் என்பதில் ஐயமில்லை. ஆனால் அயர்லாந்தின் ஓக் இருவகை. கில்லார்னி மலைக்காட்டுக்குரியதாயின் இலைக்குத் தெளிவான காம்பு இருக்க வேண்டும். மற்றதாயின் காம்பு மிகக் குட்டை, இலையடியில் காதுமடல் போன்ற இரு சிறு மடிப்புகள் இருக்கும். படத்தில் அது தெரியவில்லை. இலையடி தெரியும்படி மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு அடுத்த விடுமுறை செவ்வாய்க்கிழமை.